ஆளுக்குப் பாதிக் கண்ணாடி

ஈயப் பற்று வைக்கும் சால்ட்ரிங் அயனின் சூடேறிய நுனி 'பேஸ்ட்' டப்பாவுக்குள் இறங்கும் கணத்தில் கிளம்பும் புகைக்கு, மெழுகும் பிசினும் ஒன்றாய்க் கருகியது போன்ற ஒரு வாசம் உண்டு. உப்பங்காற்று நாள் முழுதும் வந்து போகும் எங்கள் வீட்டில் அந்தப் புகை மூக்கோடு நிற்காமல் நாக்கின் நுனி வரை வந்து கரிக்கும். வாசம் தெருவை எட்டியதும், அது இன்னதென்று அறிந்த அக்கம்பக்கத்தார் வேலை செய்யாத டார்ச் லைட்டையும் காது அறுந்த வாளியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்தபடியே, "ஆரம்பிச்சிட்டாரு" என்று ஒரே சொல்லில் அன்றைய மாலைப்பொழுது எப்படிப் போகும் என்பதை அறிவித்துவிடுவார்.

அப்பாவின் பெயர் ஏழுமலை. மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளுக்கு நீர் ஏற்றும் ஆயில் எஞ்சினை ஓட்டுவது அவருடைய வேலை. அது ஓடாத நேரத்தில் அதைப் பிரித்து மாட்டுவது அவருடைய இன்பம். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிழிந்த சாக்கின் மேல் பரப்பியிருந்த பழைய சாமான்களுக்கிடையே அந்த அயனைக் கண்டெடுத்து வந்த நாளிலிருந்து, எஞ்சினுக்குக் கிடைத்துவந்த அன்பில் பாதி எங்கள் வீட்டுப் பொருள்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. ரேடியோவின் ஏரியல், என் கால் கொலுசு, குடைக்கம்பி, சைக்கிள் பெல்லின் மூடி என்று அவர் கை பட்ட ஒவ்வொன்றிலும் அவரைக்கொட்டை அளவு ஈயம் ஒன்று உருண்டு நிற்கும். அவருடைய ஒட்டு உறுதியாக நிற்கும். அழகாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. "இந்த வூட்ல மூச்சு விடாதது எல்லாத்துக்கும் ஈயம் வெச்சிட்டய்யா, அடுத்தது நாங்கதான்" என்பார் அம்மா.

அம்மா விதித்த தடை ஒன்றே ஒன்றுதான்: சோற்றுப் பாத்திரத்தில் கை வைக்கக் கூடாது. அடி ஓட்டையான குழம்புச் சட்டியை அப்பா ஆசையோடு பார்த்தபோதெல்லாம் அது அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் பயின்றபோது, அந்த ஈயக் கம்பியில் காரீயமும் கலந்திருக்கிறது என்பதையும், அது உணவோடு சேர்ந்தால் குழந்தைகளின் உடலுக்கு என்ன செய்யும் என்பதையும் படித்த அன்று மாலையே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து உணர்ச்சி பொங்க நன்றி சொன்னேன். "நாத்தம் புடிக்கலடி, அவ்ளோதான்" என்றார். நல்ல முடிவுகள் எல்லாமே நல்ல காரணத்தால் எடுக்கப்படுவதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்தப் புகைக்கு அத்தனை அருகில் முகத்தைக் கொண்டுபோய் நான் குனிந்து நின்றதும் சரியல்ல என்று இன்று தெரியும். ஆனால் நான் சொல்ல வருவது அப்படிக் குனிந்து நின்ற ஒரு மாலையைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் உலோகப் பொருள் எதுவும் 'உடைந்தது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'உப்பு தின்னுடுச்சு' என்பார்கள். கதவுக் கீல், சைக்கிள் செயின், மின்விசிறியின் இறக்கை, பள்ளிக்கூட மணி கட்டிய கம்பி, தலையில் செருகிய ஊசி என்று எதையும் அது விட்டுவைக்காது. புதிதாக வாங்கிய எந்தப் பொருளையும் பார்த்து, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, உப்பு எப்போது சாப்பிட வரும் என்று கேட்பது எங்கள் தெருவின் வழக்கம். அந்தப் பசிக்கு ஒரு நாள் அம்மாவின் மூக்குக் கண்ணாடியும் இரையானது.

கண்ணாடி வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஆழிப்பேரலை வந்து போன சில மாதங்களில், கடலோரக் கிராமங்களுக்குப் பலவகை உதவிகள் வந்துகொண்டிருந்தன. அனுமந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டிருப்பதாக, அங்கிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண் சொல்லி, "நீயும் வாக்கா, ஊசி கோக்கறதுக்கு எவ்ளோ நாழி போராடுற" என்று அம்மாவைக் கூடவே அழைத்துப் போனார். வரிசையில் நின்ற அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தண்ணீர் அங்கே வரவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்காக வந்த ஒன்றில் தான் கை நீட்டலாமா என்ற உறுத்தல். தன் முறை வந்ததும், "நாங்க கடலோரம் இல்லீங்க, உப்பளத்துல வேலை செய்யிறோம், எங்க வூட்டுக்குத் தண்ணி வர்ல" என்று தாமாகவே சொல்லிவிட்டார். கண் பார்த்தவர், "கண்ணுக்கு ஏதும்மா கரையும் உள்ளயும், ஒக்காருங்க" என்றாராம்.

அப்படி வந்தது அந்தத் தங்க நிற மெட்டல் ஃபிரேம். கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக முறத்தில் அரிசியைப் பார்த்த அம்மா ஒரு பிடியை உள்ளங்கையில் அள்ளிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இத்தினி நாளா இவ்ளோ கல்லையா நாம துன்னோம்" என்றார். அதன்பின் அரிசி, பேன், மூட்டை மீது அச்சடித்த எழுத்து, என் மார்க் ஷீட் என்று எதுவும் அவரிடம் தப்பவில்லை. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அடுத்தவருக்கு வந்ததை வாங்கிக்கொண்டோம், இதைச் சும்மா மூக்கில் மாட்டிக்கொண்டு திரியக் கூடாது, ஏதாவது ஒரு வேலைக்கு ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலை உப்பளத்திலேயே இருந்தது. உப்பளத்தைப் பார்த்திராதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்தியில் நிற்கும் நீர் வெயிலில் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறும். அந்த அடர்த்தியை 'டிகிரி' என்பார்கள். இருபத்துநான்கு டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் கசப்பு இறங்கி, அந்தப் பாத்தியின் உப்பெல்லாம் சமையலுக்கு ஆகாமல் போகும். ஆகவே அதற்கு முன் நீரை வடித்துவிட வேண்டும். இதை அளக்க, அடியில் குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழல் உண்டு; 'டிகிரி குச்சி' என்போம். நெட்டையான ஒரு டப்பாவில் பாத்தி நீரை மொண்டு குச்சியை மிதக்க விட்டால், அதன் உள்ளே ஒட்டிய காகிதத்தில் எறும்புக் கால்களைப் போன்ற கோடுகளில் ஒன்று நீர்மட்டத்தோடு ஒட்டி நிற்கும். அந்தக் கோட்டைப் படித்துச் சொல்பவர் சொல்தான் அளத்தின் சொல். எங்கள் அளத்தில் அது மேஸ்திரியின் கையில் இருந்தது.

மேஸ்திரி கெட்டவர் அல்லர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலான, கேலிப் பேச்சுக்காரரான, பாத்தியில் இறங்கி நடந்தே நீரின் பதத்தைச் சொல்லக்கூடிய மனிதர். குச்சியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, யாரும் கேட்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அம்மாவோ, தலையில் உப்புக் கூடை சுமக்கும் பெண்களில் ஒருவர். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த ஈர உப்பைக் கரையில் இருக்கும் அம்பாரத்துக்குச் சுமந்து கொட்டும் அந்த வேலையில் அவருடைய கழுத்து இறுகிப்போயிருந்தது. காலையில் எழுந்ததும் இடது பக்கம் திரும்ப முடியாமல், உடம்பையே திருப்பி எங்களைப் பார்ப்பார். விளையாட்டு என்று எண்ணி நானும் அப்படியே திரும்பிக் காட்டிச் சிரித்தது இன்றும் என்னைக் குத்துகிறது.

ஒரு மே மாதக் காலையில், கூடையை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், டப்பாவுக்குள் மிதந்த குச்சியைக் கண்ணாடி போட்டிருந்த அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். மேஸ்திரி இருபத்தேழு என்று அறிவித்த அதே நேரத்தில், "இருபத்தொம்போது நிக்குதுங்களே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேஸ்திரி அசரவில்லை. "இன்னாம்மா அஞ்சலாட்சி, கண்ணாடி போட்டா காலேஜ் டீச்சர் ஆயிடலாமா? கூடையத் தூக்கு" என்றார். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கினார். ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் பாத்தியின் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்த அளத்து ஓனர் அதைத் துப்பினார். பிறகு அம்மாவை அழைத்தார். வரும் திங்கட்கிழமை காலையில் பெரிய பாத்தியின் டிகிரியை மேஸ்திரியும் சொல்லட்டும், நீயும் சொல்லு, உன் சொல் சரியாக இருந்தால் இனிமேல் குச்சி உன் கையில், கூடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் கண்ணாடி ஒரு குழந்தையைப் போல் நடத்தப்பட்டது. அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைப்பார், மறுபடியும் துடைப்பார். அப்பாவுக்கு மட்டும் அதன் ஒரு காது லேசாக ஆடுவது உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை பிற்பகலில், "லூசா இருக்குது, ஒரு டைட்டு குடுத்துத் தர்றேன்" என்று அதை எடுத்தார். திருகாணி துருவில் இறுகியிருந்தது. அழுத்தித் திருப்பினார். திருகாணி அசையவில்லை, மாறாக, மூக்கின் மேல் உட்காரும் வளைவு ஒரு சிறு ஓசையோடு இரண்டாக முறிந்தது. வலது கையில் ஒரு பாதியும் இடது கையில் ஒரு பாதியுமாக அப்பா நின்ற காட்சி என் கண் முன் அப்படியே இருக்கிறது. முறிந்த இடத்தின் உட்புறம் தங்க நிறம் துளியும் இல்லாமல் கறுத்துப் பொரிந்திருந்தது. உப்பு எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தது.

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் திட்டவில்லை, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். அது திட்டைவிடப் பயங்கரமாக இருந்தது. திண்டிவனத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் புது ஃபிரேம் போட்டுத் தர நான்கு நாளாகும் என்பதும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதும் மூவருக்கும் தெரியும். பசை போட்டுப் பார்த்தோம். கண்ணாடியில் வெண்புகை படிந்ததே தவிரப் பாதிகள் சேரவில்லை. நூல் சுற்றிப் பார்த்தோம். இரண்டு கண்களும் இரண்டு திசையைப் பார்த்தன. கடைசியில் அப்பா, ஒரு முடிவுக்கு வந்தவராக, ஆணியில் தொங்கிய அயனை எடுத்தார். "வேணாம்னு சொல்ல எனக்கு வழி இல்ல" என்றார் அம்மா. அவர் அந்த அயனுக்குக் கொடுத்த முதல் அனுமதி அதுதான்.

இதுவரை அப்பா செய்த ஒட்டுகளிலெல்லாம் விளையாட்டு இருந்தது, இதில் இல்லை. திருகாணி கழலாததால் கண்ணாடி வட்டங்களைத் தனியே எடுக்க முடியவில்லை. சூடு தாக்காமலிருக்க இரு வட்டங்களிலும் ஈரத் துணியைச் சுற்றினார். முறிந்த முனைகளைப் பிளேடால் சுரண்டினார். துணி காயப்போடும் கிளிப்புகள் இரண்டைக் கொண்டு பாதிகளைப் பலகை மேல் நிறுத்தி, அவை அசையாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. முதலில் வைத்த ஈயம், காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீரைப் போல உருண்டோடி அவர் லுங்கியில் விழுந்தது. அப்பா துள்ளி எழுந்தார். அம்மாவின் கட்டிய கைகளுக்குப் பின்னால் சிரிப்பு ஒன்று அடக்கப்பட்டது. இரண்டாவது தடவை ஒட்டத் தொடங்கும்போது கரண்ட் போயிற்று. மண்ணெண்ணெய் அடுப்பில் நுனியைச் சுடவைத்து எடுத்துவந்து, ஆறுவதற்குள் வைத்து, மீண்டும் ஓடி, மீண்டும் வைத்து, ஐந்தாவதோ ஆறாவதோ ஓட்டத்தில் ஈயம் இரண்டு முனைகளையும் நனைத்துப் பிடித்துக்கொண்டது. "தொடாத பாப்பா, தானா ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா அடுப்பை அணைக்கப் போனார். கொடியில் காய்ந்த துணியை எடுக்க அம்மா வெளியே போனார்.

எஞ்சின் சாமான்களைப் பழுக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்கும்போது எழும் 'ஸ்ஸ்' என்ற ஓசை எனக்கு உயிர். அப்பா செய்யும் எந்த வேலையும் அந்த ஓசையில்தான் முடியும் என்பது பன்னிரண்டு வயதில் எனக்கிருந்த நம்பிக்கை. கிளிப்போடு சேர்த்துக் கண்ணாடியைத் தூக்கி, பக்கத்திலிருந்த வாளியில் முக்கினேன். மிகச் சிறிய 'ஸ்' ஒன்று வந்தது. பாவாடையில் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீர் தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் அடிபம்பு. அந்தத் தண்ணீர் காய்ந்தால் வாளியின் விளிம்பில் வெள்ளையாய்க் கோடு விழும். ஆனால் அதை யாரும் உப்புநீர் என்று சொன்னதில்லை. எங்களுக்கு உப்புநீர் என்பது பாத்தியில் நிற்பது. வாளியில் இருப்பது தண்ணீர். ஆறாத ஒட்டைக் குளிர்ந்த நீரில் முக்கினால் உள்ளுக்குள் விரியும் என்பதும், உப்பு தின்ற காயத்துக்கு மீண்டும் உப்பையே ஊட்டினேன் என்பதும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் எங்கள் வீட்டில் திருவிழா. கண்ணாடி ஒட்டியிருந்தது. அம்மாவின் இரு புருவங்களுக்கும் நடுவில் ஈயம் ஒரு சுண்டைக்காயைப் போல் பளபளத்தது. "மூக்குத்தியக் குத்தறதுக்கு வேற எடமே கெடைக்கலையா" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். அம்மா என் ஸ்கேலின் கோடுகளை எண்ணிப் பழகினார். மாலைக்குள் அவர் மூக்கின் மேல் மெல்லிய பச்சைக் களிம்பு படிந்திருந்தது. வேர்வைக் கறை என்று எண்ணித் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் பெரிய பாத்தியின் வரப்பில் கூடிவிட்டார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கஞ்சித் தூக்கோடு போயிருந்தேன். ஓனர் வரப்பில் நின்றார். மேஸ்திரி பாத்தியில் இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு வந்து, டப்பாவில் நீர் மொண்டு, குச்சியை மிதக்க விட்டு ஒரு பார்வை பார்த்தார். "இருபத்தாறு. புதன்கெழம வரைக்கும் கெடக்கலாம்" என்றார். பிறகு டப்பாவை அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா முழங்காலிட்டுக் குனிந்தார்.

ஓசைகூட வரவில்லை. குனிந்த முகத்திலிருந்து கண்ணாடி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஒரு பாதி அம்மாவின் மடியில். மறு பாதி மேஸ்திரியின் காலடியில். யாரோ சிரித்தார்கள். என் காதுக்குள் அந்தச் சின்ன 'ஸ்' மீண்டும் கேட்டது. ஓனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடைக்காரப் பெண்கள் அம்மாவைப் பார்க்காமல் தத்தம் கூடைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா மடியில் விழுந்த பாதியை எடுத்தார். அதன் காதைக் கரண்டிக் காம்பைப் போல் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு முன்னால் வைத்து, டப்பாவுக்குள் தலையே போய்விடும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இருபத்தெட்டரை நிக்குதுங்க. புதன்கெழம வரைக்கும் தாங்காது. இன்னிக்கே வடிச்சிடணும்."

காலடியில் கிடந்த மறுபாதியை அம்மாவிடம் கொடுப்பதற்காகத்தான் மேஸ்திரி குனிந்து எடுத்தார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அம்மா பிடித்திருந்த விதத்தைப் பார்த்தவர், தானும் அப்படியே அதைக் கண்ணருகே கொண்டுபோனார். விளையாட்டாகத்தான் தொடங்கியது, உதட்டில் ஒரு கேலிகூடத் தயாராக இருந்தது. குச்சியின் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கேலி வெளியே வரவில்லை. கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்து வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் தோல்வி இல்லை; அரிசி முறத்தின் முன்னால் அம்மாவின் முகத்தில் நான் பார்த்த அதே வியப்புதான் இருந்தது.

"இந்தக் கோடுங்க எல்லாம் இத்தினி வருஷம் எங்க இருந்துச்சு?" என்றார். பிறகு ஓனரின் பக்கம் திரும்பினார். "இருபத்தெட்டரைதான் மொதலாளி. அஞ்சலாட்சி சொன்னதுதான் சரி. நான் சொன்னது காலு சொன்னது, கண்ணு சொல்லல."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மேஸ்திரியேதான் என்று நினைக்கிறேன். இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு பாதியைப் பிடித்தபடி ஒரே டப்பாவுக்குள் தலையை நீட்டி நின்ற கோலத்தைக் கண்டு வரப்பே சிரித்தது, ஓனரும் சிரித்துவிட்டார். எஞ்சின் கொட்டகையிலிருந்து ஓடிவந்த அப்பா, விஷயம் புரியாமல், ஒட்டு நிற்கவில்லையா என்று பதறினார். "நின்னிருந்தா ஒருத்தருக்குத்தான், இப்ப ரெண்டு பேருக்கு வேலை செய்யுதுய்யா உன் ஒட்டு" என்றார் அம்மா. அன்று பிற்பகலுக்குள் பெரிய பாத்தியின் நீர் வடிக்கப்பட்டது. உப்பில் கசப்பு இல்லை.

குச்சி அம்மாவின் கைக்கு வந்தது. ஆனால் கண்ணாடி சேரவில்லை. மறுநாளே அப்பா அயனோடு உட்கார்ந்தபோது அம்மா, மேஸ்திரிக்குக் கண் பார்த்துக் கண்ணாடி வாங்கும் வரை இரண்டாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்தவருக்கு வந்ததை வாங்கிக்கொண்டோமே என்று மாதக்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தவருக்கு, பாதியைக் கொடுத்த பிறகுதான் முழுதும் தன்னுடையதாயிற்று போலும். பருவம் முடியும் வரை அம்மாவின் கழுத்தில் ஒரு நூலில் ஒரு பாதியும், மேஸ்திரியின் கழுத்தில் இன்னொரு நூலில் மறுபாதியும் தொங்கின. தினமும் காலையில் இருவரும் டப்பாவுக்கு இரு பக்கமும் குந்தி, ஒரே எண்ணைச் சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். எண்கள் வேறுபட்டால் நடக்கும் வாதத்தைக் கேட்பதற்காகவே பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பார்கள். "உன் பாதியில பவர் கம்மி" என்பது மேஸ்திரியின் நிரந்தரக் கட்சி.

இந்த மகிழ்ச்சியில் ஒன்றை மறைத்துவிட்டு நகர என் மனம் இடம் தரவில்லை. அம்மாவின் தலையிலிருந்து இறங்கிய கூடை காற்றில் கரைந்துவிடவில்லை. அடுத்த வாரமே வேறொரு பெண் அதைச் சுமக்க வந்தார். அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த பருவத்தில் உடன் வேலை செய்த இரண்டு பெண்களுக்குக் குச்சி பார்க்கக் காட்டிக்கொடுத்தார். வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்று ஓனரிடம் கேட்டுப் பாதி வெற்றியும் பெற்றார். கூடைகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஒருவருக்குக் கிடைக்கும் நிம்மதியை எடைபோடும்போது, இறங்கிய சுமை எங்கே போயிற்று என்றும் கேட்கும் பழக்கம் எனக்கு அந்த வரப்பிலிருந்துதான் வந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. எங்கள் ஊரில் முதல் மழையை யாரும் கும்பிட்டு வரவேற்பதில்லை. அது உப்பையும் கரைத்து வேலையையும் கரைத்துவிடும். அந்த மழைக்குச் சில நாள் முன்னால்தான் மேஸ்திரி திண்டிவனத்தில் கண் பார்த்துச் சொந்தக் கண்ணாடியோடு வந்து, தம்முடைய பாதியை ஒரு வெற்றிலையில் வைத்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்பா இம்முறை அவசரப்படவில்லை. முனைகளை நன்றாகச் சுரண்டி, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, ஒரே சூட்டில் ஈயம் வைத்து, தானாக ஆறவிட்டார். பிறகு ஒட்டியிருந்த பேஸ்ட்டைக் கழுவ வாளியின் பக்கம் நீண்ட அவர் கையை அம்மா பிடித்துக்கொண்டார். கூரையிலிருந்து ஒழுகிய மழைநீரை ஒரு டம்ளரில் பிடித்து வந்து, அதில் கழுவினார். பருவம் முழுதும் நாங்கள் பயந்த மழையில் எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு டம்ளர்தான்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இப்போது பிளாஸ்டிக் ஃபிரேம் போட்டிருக்கிறார். உப்பு அதைத் தொடுவதில்லை, அப்பாவுக்கும் அதில் வேலையில்லை. மூக்கின் மேல் நெடுநாள் தங்கியிருந்த அந்தப் பச்சைத் தடம் மறைந்துவிட்டது. மேஸ்திரி கீழ்புத்துப்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறார்; கண் அறுவை சிகிச்சைக்குப் பின் எறும்பின் கால்களைக்கூட எண்ணுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஏதோ சான்றிதழைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு துணி முடிச்சில் பழைய கண்ணாடி கிடைத்தது. காதுகள் இரண்டும் உதிர்ந்திருந்தன. கண்ணாடி வட்டங்கள் கீறிக் கிடந்தன. தங்க நிறம் இருந்த இடமே தெரியவில்லை. நடுவில், அப்பா இரண்டாம் முறை வைத்த அந்த ஈயச் சுண்டைக்காய் மட்டும் அசையாமல் இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாகச் சொல்லாமலிருந்ததை இருவரிடமும் சொன்னேன்: முதல் ஒட்டை அந்தச் சனிக்கிழமை வாளியில் முக்கியது நான்தான்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்ப என் ஒட்டுல குத்தமே இல்ல. இருவது வருஷமா அந்தக் கரண்ட்டத் திட்டிக்கினு இருந்தேனே" என்று, ஒரு வழக்கில் விடுதலை பெற்றவரைப் போல எங்களைப் பார்த்தார்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "அன்னிக்கே தெரியும். ஞாயித்துக்கெழம கண்ணாடி ஓரத்துல உப்பு பூத்திருந்துச்சு" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "நீ அதைச் சுத்தி வெச்சியே ஒரு ஈரத்துணி, அதை எந்தத் தண்ணியில நனைச்ச?" என்று கேட்டார்.

அப்பா, அன்று அந்தத் துணியை நனைத்தெடுத்த வாளி இருந்த மூலையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஃபிரேமை வாங்கி, அதன் ஒரு வட்டத்தைக் கண்ணருகே பிடித்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, கீரைத் தட்டுக்குள் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.